மருந்துச் செலவு: எமது ஊரும் நாட்டுச் சராசரியும்

"கொழும்பில் வாங்கும் அதே குளிசைக்கு இங்கே ஏன் இவ்வளவு காசு?" என்ற கேள்வி இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே அடிக்கடி எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

ஒரு கமக்காரருக்கு ஏக்கருக்கு 80 புசல் நெல்லும் அயல் வயல்காரருக்கு 20 புசலும் விளைந்தால் சராசரி 50 புசல். ஆனால் 50 புசல் அறுத்தவர் எவருமில்லை. மருந்துச் செலவும் அத்தகையதே. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அங்கே மருந்து இருப்பில் இருந்தால் செலவு குறைவு. இருப்பு முடிந்து, "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு தரப்பட்டால் செலவு கூடும். பஸ் கட்டணமும் ஒரு நாட் கூலியும் அதனோடு சேரும். நாட்டுச் சராசரி இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அடுத்தது பெயர். பரசிற்றமோல் என்பது மருந்தின் பெயர். பனடோல் என்பது ஒரு கம்பனி இட்ட வியாபாரப் பெயர். இவ்வாறே ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுகிறது. ஒரு பேச்சுக்கு, ஒன்று 3 ரூபா, மற்றது 12 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு குளிசை விழுங்கும் நீரிழிவு நோயாளிக்கு மாதச் செலவு 180 ரூபாவாகவோ 720 ரூபாவாகவோ அமையும்.

இந்த உண்மையை நாட்டுக்கு உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. அவசியமான மருந்துகளை மருந்தின் பெயரிலேயே மலிவாக வாங்க அவர் வழிகாட்டினார். அக்கூட்டுத்தாபனத்தின் கடைகளே 'ஒசுசல'. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, வைத்தியர் மருந்தின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. உச்ச விலை விதிக்கப்பட்ட மருந்துக்குக் கொழும்பிலும் கிளிநொச்சியிலும் ஒரே எல்லைதான். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து விலைகள் பெரிதும் ஏறின. ஆகவே பழைய விலையை நினைவில் வைத்து ஒப்பிடுவதும் பொருந்தாது.

நாம் செய்யக்கூடியவை:

1. கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். முகாம் மாறினாலும், ஊர் திரும்பினாலும், புதிய வைத்தியர் அதைப் பார்த்தே சிகிச்சையைத் தொடர்வார்.

2. பாமசியில், "இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆயினும் வைத்தியரையோ மருந்தாளரையோ கேளாமல் நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள்.

3. காசு போதாதென்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பாதியளவு வாங்காதீர்கள். நிலைமையை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

4. பெட்டியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள், பற்றுச்சீட்டுப் பெறுங்கள். கூடுதலாக அறவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

5. கமக்காரர் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு கொப்பியில் விலைகளைப் பதியட்டும். ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம், ஒரு குளிசையின் விலை, கடை, திகதி என எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத நாட்களையும் குறியுங்கள்.

இடப்பெயர்வு எமது காணியையும் கிணற்றையும் பறித்தது. கேட்டறியும் உரிமையைப் பறிக்கவில்லை. ஒருவர் தனித்து முறையிட்டால் அது முணுமுணுப்பாகவே போய்விடும். ஊர் முழுவதும் சேர்ந்து எழுதிய கணக்கோடு சென்றால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.