முதியோரின் குறை கேட்பதும் இறைபணியே



தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் புகார் எதைப் பற்றியது என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் விடை கிடைக்கும். எருசலேமில் சீடர்களின் எண்ணிக்கை பெருகிவந்த நாள்களில், அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்தனர். ஆதரவற்ற பெண்களுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. அதுதான் புகார்.

திருத்தூதர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறி அனுப்பவும் இல்லை. சீடர்கள் அனைவரையும் ஒன்றுகூட்டி, நற்பெயர் பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பந்திப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவான் அந்த எழுவரில் ஒருவர். ஒரு புகாருக்குக் கிடைத்த விடையாகவே அவர் பணிக்கு வந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முதியோர் இல்லத்தில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்களாகப் பணியாற்றும் எங்களுக்கு இந்த இறைவார்த்தைப் பகுதி ஒரு கைவிளக்கு. காலையில் செய்தித்தாள் வாசிப்பு, நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, மாலையில் செபமாலை, இடையிடையே தாயம், பல்லாங்குழி, கேரம், பாட்டு, பூக்கட்டுதல், டிசம்பரில் குடில் அமைத்தல் என்று முதியோரின் நாள்களுக்கு உயிரூட்டுவது எங்கள் வேலை. ஆனால் நாளின் கணிசமான நேரம் குறைகளைக் கேட்பதிலேயே போகிறது. 'மைக் சத்தம் தலையை வலிக்குது', 'எப்பவும் அவங்களுக்கே முதல் வாசகம் கொடுக்கிறீங்க', 'நான் தூங்கும்போதுதான் உங்க பாட்டுக் கச்சேரி' என்று ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

புகார் ஏன் எங்களிடம் வருகிறது?

சமையல்காரரிடம் குறை சொன்னால் நாளைய சோற்றில் தெரியுமோ என்ற அச்சம். செவிலியரிடம் சொன்னால் அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருவாரோ என்ற தயக்கம். இல்லத் தலைவியிடம் சொன்னால் நன்றி கெட்டவர் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். பிள்ளைகளிடம் சொன்னால் 'அனுசரிச்சுப் போங்கம்மா' என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் வந்து உட்காருபவர் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. ஆகவே வேறெங்கோ சொல்ல வேண்டியதும் எங்களிடம் வந்து கொட்டப்படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் இருந்தவரை எப்போது எழுவது, என்ன சமைப்பது, யாரோடு பேசுவது என்று தாமே முடிவு செய்தவர்கள் இவர்கள். இல்லத்துக்கு வந்ததும் மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் செபம், மணியடித்தால் விளக்கணைப்பு. முடிவு செய்யும் உரிமை ஒவ்வொன்றாகப் போன பிறகு அவர்களிடம் மிஞ்சியிருப்பது, 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லும் உரிமைதான். அதையும் நாம் பறித்துக்கொண்டால் அவர்களுக்கு என்ன மீதமிருக்கும்?

சொல்வது ஒன்று, வலிப்பது ஒன்று

ஒருமுறை வேளாங்கண்ணித் திருப்பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தோம். எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் முதல்நாள் வரை ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். பேருந்து சரியில்லை, இருக்கை சரியில்லை, புறப்படும் நேரம் சரியில்லை. கடைசியில், 'நான் வரல தம்பி, நீங்களே போயிட்டு வாங்க' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களில் சிலருக்குக் கோபமே வந்துவிட்டது. மறுநாள் தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் உண்மை தெரிந்தது. காலையில் அவர் எடுக்கும் இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மருந்து இருந்தது. மணிக்கு இரண்டு முறையாவது கழிப்பறை போக வேண்டும். எல்லார் முன்னிலையிலும் வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்கு வெட்கம். அடுத்த பயணத்தின்போது மாத்திரை நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு, வழியில் நிற்கும் இடங்களை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். அந்த அம்மாதான் முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

வயது ஏறும்போது பொதுவாக உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. பேச்சின் ஓசை காதில் விழும். சொல் தெளிவாக விழாது. இரைச்சலான கூடத்தில் செவிப்புலன் கருவி சுற்றுச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கிவிடும். 'நீங்க முணுமுணுக்கிறீங்க' என்றும் 'ஏன் கத்துறீங்க' என்றும் ஒருவரே ஒரே நாளில் சொன்னால் அதில் முரண்பாடு இல்லை. மின்விசிறியைக் குறைத்து, அவர் முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

எப்போதும் அமைதியாக இருந்தவர் திடீரென்று எரிச்சலும் குழப்பமுமாகப் புகார் சொல்லத் தொடங்கினால் அது குணக்கேடு என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை முதியோரிடம் முதலில் இப்படித்தான் வெளிப்படலாம். அன்றே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.

'ஒப்புக்கொடுங்கள்' என்று சொல்லும் முன்

இங்கே நாங்கள் செய்த ஒரு தவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு தவக்காலத்தில் பாட்டி ஒருவர் புதிய செருப்பு சரியில்லை, உடற்பயிற்சிக்கு வரமாட்டேன் என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னார். எதற்கும் குறை சொல்லும் வழக்கம் உள்ளவர் என்பதால், 'தவக்காலம்தானே பாட்டி, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க' என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நகர்ந்தோம். அவரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துக் குளிப்பாட்டும்போது பார்த்தால் கால்விரலில் புண். அவர் சர்க்கரை நோயாளி. அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுதான் எங்களை இன்றும் உறுத்துகிறது.

துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுப்பது நம் விசுவாசத்தின் அரிய செல்வம். ஆனால் அந்தக் கொடையைத் துன்புறுபவர் தாமே மனமுவந்து தர வேண்டும். தீர்க்கக்கூடிய வலியைத் தீர்க்காமல், அவர் வாயை அடைக்க நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், சிலுவையை அவர் தோளில் ஏற்றுபவர்கள் நாமாகிவிடுகிறோம்.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பார்ப்போம். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு வாய் திறந்து, கடவுளின் சார்பில் பேசுவதாக எண்ணிக்கொண்டு அவருக்குப் பாடம் சொன்னார்கள். இறுதியில் கடவுளின் சினம் அவர்கள்மீது எழுந்தது. முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்று தீர்ப்பானது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு முதுமையைப் பற்றி வழங்கிய மறைக்கல்வி உரைகளில் யோபுவைக் குறித்துப் பேசியபோது, கடவுளிடம் முறையிடுவதும் இறைவேண்டலின் ஒரு வடிவமே என்று எடுத்துரைத்தார். கடவுளே கேட்கும் முறையீட்டை நாம் கேட்கக் கூடாதா?

புகார்களை எப்படிப் பிரித்தறிவது?

எங்கள் அனுபவத்தில் புகார்கள் பெரும்பாலும் நான்கு வகையாக வருகின்றன.

முதலாவது, சரிசெய்யக்கூடியவை. வெளிச்சம் போதவில்லை, நாற்காலி தாழ்வாக இருக்கிறது, செபமாலையின் வேகம் அதிகம் என்பன போன்றவை. இவற்றுக்கு ஆறுதல் வார்த்தை தேவையில்லை. வேலை முடிந்தால் போதும்.

இரண்டாவது, இழப்பிலிருந்து எழுபவை. 'இந்த இட்லியெல்லாம் ஒரு இட்லியா?' என்பவர் தம் கையால் மாவாட்டிய அடுப்படியை நினைத்து ஏங்குகிறார். மோவாபு நாட்டிலிருந்து கணவனையும் இரு மகன்களையும் இழந்து பெத்லகேம் திரும்பிய நகோமி, தம்மை மாரா, அதாவது கசப்பு, என்று அழைக்கும்படி ஊர்ப் பெண்களிடம் சொன்னார். அருகில் நின்ற ரூத்து அவரைத் திருத்த முயலவில்லை. கூடவே இருந்தார், அடுத்த வேளைக்குக் கதிர் பொறுக்கப் போனார். நாமும் 'உங்க வீட்டு இட்லி எப்படிம்மா இருக்கும்?' என்று கேட்டுவிட்டு அருகில் உட்காரலாம்.

மூன்றாவது, பிறரைப் பற்றியவை. இருவருக்கிடையே தூது போகாமல், இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஆனால் ஒன்றில் உறுதி வேண்டும். சாதியைக் காரணம் காட்டி 'அவங்க பக்கத்தில உட்கார மாட்டேன்' என்று யாரேனும் சொன்னால், வயதை மதித்துப் பணிவாகவே பேசுவோம். இருக்கையை மட்டும் மாற்ற மாட்டோம். ஒரே பலிபீடத்தில் பங்குகொள்வோர் ஒரே பந்தியில் அமர்வதை மறுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

நான்காவது, உடனே மேலே சொல்லப்பட வேண்டியவை. அடித்தார்கள், திட்டினார்கள், பணம் காணவில்லை, மருந்து தரவில்லை என்பன. மறதி நோய் உள்ளவர்கள் பொருளை வைத்த இடம் மறந்து பிறர்மேல் பழி போடுவது உண்டு. அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. மறதி உள்ளவரிடம் திருடுவதுதான் எளிது. நிர்வாகத்திடம் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் கைவிட்டதாகவோ சொத்தை எழுதி வாங்கிக்கொண்டதாகவோ குறை வந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயத்தில் முறையிட வழி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்டபின் செய்ய வேண்டியவை

ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். தேதி, சொன்னவரின் சொந்த வார்த்தைகள், நாங்கள் செய்தது, பதில் சொன்ன நாள் ஆகிய நான்கும் அதில் இருக்கும். முடியாது என்றால் முடியாது என்பதையும் காரணத்தையும் நேரில் சொல்லிவிடுவோம். 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருப்பது மறுப்பைவிட அதிகம் புண்படுத்துகிறது. வேலை நடுவே ஒருவர் பிடித்துக்கொண்டால், 'பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்து கேட்கிறேன் ஐயா' என்று சொல்லி, பதினொரு மணிக்கே போய் நிற்போம். மாதத்துக்கு ஒருமுறை இல்லத்தார் அனைவரும் கூடும் கூட்டத்தில், சென்ற மாதக் குறைகள் என்னவாயின என்பதை முதலில் வாசிப்போம்.

திருத்தூதர் பணிகள் தரும் இன்னொரு பாடமும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று விளக்குவோர் உண்டு. செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பு சரியில்லை என்று தினமும் கடிந்துகொண்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம், 'நீங்களே வாசியுங்கள் சார்' என்று செய்தித்தாளை நீட்டினோம். முதலில் மறுத்தார். இப்போது முந்தின இரவே கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொள்கிறார். அவர் வாசிப்பில் குற்றம் கண்டுபிடிக்க இன்னொருவர் தயாராகிவிட்டார் என்பது வேறு கதை!

எங்கள் மனச்சுமையும் சிறிதன்று. எல்லாம் செய்தும் ஒரு நன்றி வார்த்தை வராத நாள்கள் உண்டு. இறைச்சி கேட்டு மக்கள் அழுதபோது, இந்த மக்களைத் தனியே சுமக்க முடியாது என்று மோசேயே ஆண்டவரிடம் குறை சொன்னார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளாமல், சுமையைப் பகிர எழுபது மூப்பர்களைக் கொடுத்தார். நாங்களும் உடன் பணியாளரிடமும் தலைவியிடமும் மனம்விட்டுப் பேசுகிறோம். வீட்டுக்குப் போகும் முன் சிற்றாலயத்தில் ஐந்து நிமிடம் அமர்ந்து, அன்று கேட்டவற்றை நற்கருணை ஆண்டவரின் பாதத்தில் இறக்கி வைக்கிறோம்.

பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

முதியோர் இல்லங்களில் மட்டுமல்ல, நம் வீட்டுத் திண்ணையிலும் கட்டிலிலும் இதே குரல் ஒலிக்கிறது. 'வயசானா அப்படித்தான்' என்ற ஒரே சொல்லால் அதை மூடிவிடுகிறோம். புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டி, ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகக் கொண்டாடும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். அந்நாளில் சால்வையும் பழமும் கொடுத்துப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், அன்பியத்துக்கு இருவராக இல்லங்களுக்குச் சென்று, அரைமணி நேரம் அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வரலாம். அறிவுரை ஏதும் வேண்டாம்.

அன்பின் ஆண்டவரே, எரிகோ வழியில் கூட்டத்தினர் அதட்டியபோதும் கத்திக் கூப்பிட்ட பர்த்திமேயுவுக்காக நீர் நின்றீர். எங்கள் முதியோரின் குரலை அதட்டி அடக்காமல், நின்று கேட்கும் பொறுமையையும், கேட்டதைச் செய்து முடிக்கும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.