பருவத்துக்கு ஒரு கனி

கையில் காசிருந்தால் எந்த மாதத்திலும் எந்தப் பழமும் கிடைத்துவிட வேண்டும் என்று எண்ணுவது பட்டணவாசிகளாகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. மாசி மாதத்திலேயே மாம்பழத்தைத் தேடுகிறோம். ஒரு கடையில் இல்லையென்றால் மறு கடைக்குப் போகிறோம். மரமோ நம்முடைய அவசரத்தை அறியாது. பூப்பதற்கும் காய்ப்பதற்கும் கனிவதற்கும் அதற்கென்று காலம் உண்டு. அந்தக் கணக்கை நாம் மறந்ததனால் யாருக்கு நஷ்டம் என்று சற்றே ஆலோசிப்போம்.

திண்டுக்கல் சீமையில் இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். மார்கழியிலும் தையிலும் அவருடைய மாமரங்கள் பூக்கின்றன. சித்திரை பிறந்ததும் செந்தூரமும் பங்கனப்பள்ளியும் வருகின்றன. எல்லாம் ஓய்ந்த பிறகு, ஆனியிலும் ஆடியிலும் நீலம் வருகிறது. பலாவும் நாவலும் கோடையின் இறுதியை ஒட்டிப் பழுக்கின்றன. ஆவணி முதல் ஐப்பசி வரை சீத்தாப்பழம். பனிக்காலத்தில் நெல்லியும் இலந்தையும். வாழையும் பப்பாளியும் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். சிறு தோப்பேயானாலும், மரவகைகள் பல இருந்தால் வெறும் மாதம் என்பது அபூர்வம்.

நமது பெரியோர் இதை நன்கு அறிந்திருந்தனர். வருஷப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடி, பிள்ளையார் சதுர்த்திக்கு விளாம்பழமும் நாவற்பழமும், துவாதசிப் பாரணைக்கு நெல்லிக்காய் என்று அந்தந்தப் பருவத்தின் விளைவையே பண்டிகையோடு பிணைத்து வைத்தார்கள்.

இன்றைய நிலைமை வேறு. மரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைக் குத்தகை பேசுகிறார். கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் தேவைப்படும் குடியானவர், கண்ணால் காணாத காய்க்கு விலை சொல்லிவிடுகிறார். முன்பணம் கொடுத்தவருக்கோ, பருவத்துக்கு முந்தி வரும் பழத்துக்கு நல்ல விலை உண்டென்பது தெரியும். ஆகவே முற்றாத காயையும் பறித்து விடுகிறார். பிறகு உண்மையான பருவம் வந்து, எல்லாத் தோப்புப் பழங்களும் ஒரே சமயத்தில் சந்தையில் குவியும்போது விலை சரிந்துவிடுகிறது. சில சமயம் பறிகூலிக்கும் கட்டாமல் பழம் மரத்தடியிலேயே கிடந்து அழுகுகிறது. முந்தி வந்த பழத்தை ஆவலுடன் வாங்கிய நாம், மலிந்து வந்த பழத்தைச் சலிப்புடன் பார்க்கிறோம்.

முற்றாத காயைப் பழுக்கச் செய்வதற்குக் கார்பைட் கல் வைக்கும் வழக்கம் கிளம்பியது இந்த அவசரத்தினால்தான். அந்தக் கல்லிலிருந்து எழும் அசெட்டிலின் வாயு தோலை மஞ்சளாக்கும்; ஆனால் சுவையைத் தராது. அதனோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் முதலிய நஞ்சுகளும் கலந்திருக்கக்கூடும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தடை செய்திருக்கின்றன. பழங்கள் தாமே வெளியிடும் எத்திலின் வாயுவை, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல், பழுக்க வைக்கும் அறைகளில் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. காய் மரத்திலிருந்து முற்றும்போது சேரும் மாவுச்சத்துதான் பின்னர் சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சேமிப்பு இல்லாத காய்க்கு எந்த வாயுவும் இனிப்பைக் கொண்டுவந்து கொடுக்காது.

முற்றிய மாங்காயை அறிவது கடினமன்று. காம்பைச் சுற்றித் தோள் புடைத்திருக்கும். நீரில் போட்டால் பொதுவாக அமிழ்ந்துவிடும். அதை வைக்கோலில் பரப்பிச் சில நாள் பொறுத்திருந்தால் வீடெல்லாம் மணக்கும்.

கன்னியாகுமரிப் பக்கத்தில் பருவம் தப்பியும் மா காய்ப்பதுண்டு. அது மண்ணும் மழையும் தந்த வரம், அதில் பிழையில்லை. நாம் விலக்கச் சொல்வது மனிதனின் அவசரத்தைத்தான்.

இல்லத்தரசிகளுக்கு நமது விண்ணப்பம் இதுவே. மாம்பழத்துக்குச் சித்திரை வரை பொறுங்கள். பழம் மலிந்து கிடக்கும் ஆனியில் அலட்சியம் செய்யாமல் வாங்குங்கள். மிஞ்சும் காயை ஊறுகாயும் வற்றலும் ஆக்குங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தைகளில், விளைவித்தவர் கையிலிருந்தே வாங்க வழியுண்டு. அங்கே கொய்யாவும் பப்பாளியும் கண்ணில் பட்டால், கடல் கடந்து வரும் ஆப்பிளுக்கு முன் அவற்றைக் கூடையில் போடுங்கள். பூவிலேயே தோப்பை விலை பேசாமல், காய் முற்றும் வரை காத்திருக்கும் தைரியம் அந்தக் குடியானவருக்கு வர வேண்டுமானால், அவருடைய பழத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் நாட்டில் பெருக வேண்டும்.