மேசையில் விழுந்த கறுப்பு வட்டம்

சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய விடயத்தை எழுத்திலும் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். இதோ தருகிறேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் தந்த ஓக் மேசை எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் படித்ததும், நான் கணக்கியல் பரீட்சைக்கு விழித்திருந்ததும் அதில்தான். ஒருநாள் கழுவிய இரும்புத் தாச்சியை ஈரத்தோடு, வார்னிஷ் தேய்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். விடியப் பார்த்தால் கறுப்பு வட்டம்.

மகள் தன் புது வீட்டுக்கு அந்த மேசையைக் கேட்டாள். புது வார்னிஷ் பூசிக் கொடுப்போம் என்று அரத்தாளால் தேய்த்தேன். மேசையில் குழி விழுந்ததே தவிர, கறை போகவில்லை.

காரணம் இதுதான். ஓக் மரத்தில் தனின் என்ற பொருள் நிறைய உண்டு. தேயிலையிலும் உண்டு. சாயம் கூடின பிளேன்ரீக்குள் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள், கறுத்துவிடும். ஊரில் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்துக் காய்ச்சிய மையும், ஐரோப்பாவில் பழைய கணக்கேடுகளை எழுதிய மையும் இதே சேர்க்கைதான். ஆகவே மேசையில் இருந்தது அழுக்கு அல்ல, மை. (வெள்ளை வட்டம் வேறு. அது பெரும்பாலும் வார்னிஷுக்குள் சிக்கிய ஈரம்.)

இந்த மையைக் கரைப்பது ஒக்சாலிக் அமிலம். ஹார்ட்வெயார் கடைகளில் மரம் வெளுக்கும் தூளாகக் கிடைக்கும். முதலில் பழைய வார்னிஷை முழுவதும் அகற்றுங்கள். பிளாஸ்டிக் பாத்திரத்தில் சுடுதண்ணீர் எடுத்து, தூளை இனிக் கரையாது என்னும் வரை கரையுங்கள். கறையில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளிறித் தெரியும். பலகை முழுவதும் பூசுங்கள். அரை மணித்தியாலம் விடுங்கள். தேவையானால் மறுபடியும் பூசுங்கள். பின் தண்ணீரால் நன்றாகத் துடைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீர் பூசி, மீண்டும் துடையுங்கள். இரண்டு நாள் காயவிட்டு, இலேசாகத் தேய்த்து, வார்னிஷ் பூசலாம். எதற்கும் முதலில் மேசையின் அடிப்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள்.

மிக முக்கியம்: இது நஞ்சு. விழுங்கினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கையுறை, கண்ணாடி, தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். குளோரின் பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வட்டம் இரண்டாம் தரம் பூசியபோது மறைந்தது. மேசை போன கிழமை மகள் வீட்டுக்குப் போய்விட்டது. நான் தேய்த்த குழி மட்டும் அப்படியே இருக்கிறது. காரணத்தை விசாரித்த பிறகு அரத்தாளை எடுத்திருந்தால் அதுவும் இருந்திராது.