சுப்பாராவின் ரசாயனமும் வடசென்னையின் மருந்துச் சீட்டும்

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்ற சுருக்கப் பெயரால் வடசென்னைத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கும் மகப்பேறு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வழங்கப்படும் சத்து மாத்திரையிலும், அதற்கு வெகு தொலைவில்லாத ஸ்டான்லி மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளிகளுக்கு வாரம் ஒரு முறை உட்கொள்ளும்படி எழுதித் தரப்படும் மாத்திரையிலும், யானைக்கால் நோயை ஒழிப்பதற்கென்று நம் நாட்டுச் சுகாதாரத் துறையார் கையாளும் மாத்திரையிலும் ஒரே மனிதருடைய உழைப்பு கலந்திருக்கிறது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இம்மூன்று மருந்துகளும் அவர் தலைமை வகித்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து உருப்பெற்று வந்தவை. அவரோ நம் சென்னையில் பள்ளிப் படிப்பையும் மருத்துவப் படிப்பையும் முடித்துக்கொண்டு சென்றவர்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், வறுமையையே சொத்தாகக் கொண்ட ஒரு தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறி, மாநிலக் கல்லூரி வழியாகச் சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்த அவர், காந்தியடிகளின் அறைகூவலுக்குச் செவிசாய்த்துக் கதராடை அணிந்தமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேற நேர்ந்தது. அக்காலத்திலேயே, உண்ணும் உணவின் சத்தைக் குடல் ஏற்கவொட்டாமல் செய்யும் ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டல வியாதி அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலிகொண்டது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் சிறிது காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, 1922இல் தர்ம ஸ்தாபனம் ஒன்றும் மாமனாரும் அளித்த பொருளுதவியைக் கொண்டு பாஸ்டன் நகரம் சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலையையும் செய்தார்.

ஔஷத ரசாயனம் என்றால் புதுப்புது மருந்துகளைக் காய்ச்சி எடுக்கும் வித்தை என்று எண்ணுவோர் உண்டு. அதன் அடித்தளம் அளந்தறியும் கலையே என்பதற்குச் சுப்பாராவின் முதல் சாதனையைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சைரஸ் ஃபிஸ்க் என்ற ஹார்வர்டு ஆசிரியரோடு சேர்ந்து 1925இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் கண்டறியும் முறையைக் கூறுவது. பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து, உண்டாகும் சேர்மத்தைத் தகுந்த பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். அந்நிறத்தின் ஆழத்தை அளவறிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டால் பாஸ்பரஸ் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த இம்முறை உலகெங்கும் பரவி, நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சோதனைச் சாலைகளிலும் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது; உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்றும் விளங்குகிறது.

இந்த அளவுகோலே அடுத்த கண்டுபிடிப்புக்கும் வழிகாட்டியது. தசையிலிருந்து எடுத்த சாற்றை அம்முறைப்படி சோதித்தபோது, நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றாமல் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போவதை இருவரும் கண்டனர். சோதனையில் நேர்ந்த பிழை என்று பிறர் தள்ளிவிடக்கூடிய அத்தாமதத்தை அவர்கள் ஆராய்ந்து, அமிலத்தில் மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் சேர்மம் ஒன்று தசையில் இருக்க வேண்டும் என்று துணிந்து, பாஸ்போகிரியேட்டின் என்ற அப்பொருளை 1927இல் உலகுக்கு அறிவித்தனர். தசை சுருங்குவதற்கான சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து பிறக்கிறது என்று அதுவரை நிலவிய சித்தாந்தம் இதனால் ஆட்டங்கண்டது. 1929இல், உயிர்களின் ஒவ்வொரு செயலுக்கும் சக்தி வழங்கும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூற்றையும், ஜெர்மனியில் கார்ல் லோமன் தனித்துக் கண்டறிந்த அதே சமயத்தில், அவர்கள் பிரித்தெடுத்தனர். 1930இல் டாக்டர் பட்டம் பெற்ற சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பதவி மட்டும் கிட்டவில்லை. 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் கைக்கொண்ட பெரும் பணி ஃபோலிக் அமிலம். இதன் கதையிலும் இந்தியாவுக்குப் பங்குண்டு. 1928இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி, நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துகிறது என்று கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்து இன்னதென்பது தெளிவாகச் சில ஆண்டுகள் சென்றன. சுப்பாராவின் மேற்பார்வையில் உழைத்த ரசாயனிகள் அதன் அமைப்பைத் தெளிந்து, 1945இல் ஆய்வுக்கூடத்திலேயே அதை உருவாக்கிக் காட்டினர். ஈரலிலிருந்தும் இலைகளிலிருந்தும் துளித்துளியாகப் பிரிக்க வேண்டியிருந்த பொருள், வேண்டிய அளவு கைக்குக் கிடைத்தது. சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ வியாதிக்கு அது மருந்தாகவும் அமைந்தது. கருவின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் முதல் வாரங்களில் இச்சத்து குறைந்தால் பிறவிக் குறைபாடு நேரக்கூடும் என்பது பின்னர் தெளிந்தது. முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் நடத்தப்பெற்று 1991இல் வெளியான பெரிய ஆய்வு, ஃபோலிக் அமிலம் அவ்வாபத்து மீண்டும் நேராதபடி 72 சதவீதம் தடுக்கிறது என்று நிறுவியது.

ஒரு சத்தை உண்டாக்கத் தெரிந்தவருக்கு அதைச் சிறிது திருத்தி அமைக்கவும் தெரியும். ஔஷத ரசாயனத்தின் மெய்யான ஆற்றல் இங்கேதான் வெளிப்படுகிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்கள் ரத்தப் புற்றுநோயை வளர்ப்பதுபோல் தோன்றுவதைக் கண்டு, அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருளை நாடினார். சுப்பாராவின் கூடத்தார் ஃபோலிக் அமில மூலக்கூற்றில் ஒரு மூலையிலிருந்த ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி, அவ்விடத்தில் அமினோ தொகுதியை வைத்து அமினோப்டெரினை ஆக்கினர். அதனோடு மெத்தில் தொகுதி ஒன்றையும் சேர்த்தபோது மெத்தோட்ரெக்சேட் பிறந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் மேடையை ஒட்டிக் கட்டிக்கொண்டு, சரக்கையும் இறக்காமல் இடத்தையும் விடாமல் நின்றால் பின்னே வரும் கப்பல்களெல்லாம் நடுக்கடலில் காத்துக் கிடப்பதைப் போல, உருவத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்த இம்மருந்து அதற்குரிய நொதியைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்க, டி.என்.ஏ. ஆக்கத்துக்கு வேண்டிய பொருள் கிடைக்காமல், வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் மடிகின்றன. 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் 10 பேர் தேறினர் என்று ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அத்தேற்றம் தற்காலிகமானதே, ஆயினும் ரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்பதை மருத்துவ உலகம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. பின்னர் 1950களில் கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் புற்றை மெத்தோட்ரெக்சேட் அடியோடு குணப்படுத்தியது. குறைந்த அளவில் அதுவே இன்று மூட்டுவாதத்துக்கு முதன்மை மருந்து.

யானைக்கால் நோய்க்கான மருந்தும் அதே ஆண்டுகளின் விளைவு. பசிபிக் போர்முனையில் அமெரிக்கப் படைவீரர்களை இந்நோய் தாக்கியதையொட்டித் தொடங்கிய தேடலில், நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்து, டைஎதில்கார்பமசினை அக்குழுவினர் தேர்ந்து 1947இல் வெளியிட்டனர். கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே நகரங்களில் இந்நோயைப் பரப்புவது. பக்கிங்காம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் சாக்கடை சுமந்து செல்லும் வடசென்னைக்கு அது அந்நியமான செய்தியன்று. ரத்தத்தில் திரியும் நுண்புழுக்களை இம்மருந்து வெகுவாகக் குறைத்துவிடுவதால், கொசு கடித்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் எடுத்துச் செல்லப்படுவது தடைப்படுகிறது. நோயற்றோரும் சேர்ந்து உட்கொள்ள வேண்டும் என்று சுகாதாரத் துறையார் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. நுண்புழுக்களைச் சுமந்துகொண்டே அறிகுறி ஏதுமின்றி நடமாடுவோர் பலர் உண்டு. டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும், பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாரின் கைவழியே, இதே கூடத்திலிருந்து வெளிவந்தது.

1948 ஆகஸ்டில், தமது 53ஆம் வயதில், தாயகம் திரும்பாமலே சுப்பாராவ் நியூயார்க்கில் உயிர்நீத்தார். நோபல் பரிசு அவரை அடையவில்லை. 1988இல் அப்பரிசைப் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில உரிய காலத்தில் வெளிவராமையால் பிற்காலத்தில் வேறு சிலரால் மறுபடி கண்டறியப்பட வேண்டியதாயிற்று என்று சாட்சி கூறியிருக்கிறார். பூஞ்சையின் பேரினம் ஒன்றுக்கு அவர் பெயரை விஞ்ஞானிகள் சூட்டினர். பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. இக்கௌரவங்கள் தகுந்தவையே என்றாலும், ஒரு ரசாயனியின் கல்விச் செல்வாக்கை அளக்கச் சரியான கோல் இவை அல்ல. அவர் வகுத்த முறை பிறர் கைகளில் எத்தனை காலம் பயன்பட்டது, அவர் திறந்த பாதையில் எத்தனை பேர் நடந்தனர், அவர் ஆக்கிய பொருள் எத்தனை உயிர்களைத் தாங்கியது என்னும் இம்மூன்றையுமே நாம் கேட்க வேண்டும். மூன்றிலும் சுப்பாராவுக்கு இணையாக நிற்கக்கூடியவர்கள் சென்ற நூற்றாண்டில் மிகச் சிலரே.

இந்த ஞானம் நமக்குப் பயன்பட வேண்டுமானால் மருந்துச் சீட்டை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள தாய்மார்கள், குமட்டுகிறது என்று இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை அலமாரியில் ஒதுக்கி வைத்துவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும்; கருத்தரிக்க எண்ணும்போதே தொடங்குவது இன்னும் நன்று. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் உண்பவர்கள் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணத் தக்கது என்பதை மறக்கலாகாது. தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்ப காலத்தில் மூட்டுவாதத்துக்காக அதை அறவே உண்ணலாகாது. அதன் கடுமையைத் தணிக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமிலமும் தரப்படுகிறது. ஒரே கூடத்தில் பிறந்த சத்தும் அதன் பகையும் ஒரே சீட்டில் இடம்பெறும் காரணம் இதுதான். ஸ்டான்லியிலும் திருவொற்றியூர்ப் பள்ளிகளிலும் ரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்ற ஒரு சென்னை மாணவர் இவ்வளவும் செய்தார் என்பதைத் தம் மாணவர்களுக்கு அவசியம் எடுத்துச் சொல்ல வேண்டும்.