தீபாவளி முதல் பொங்கல் வரை: சுகரும் எடையும் ஏறுவது பண்டிகை நாளிலா, இடைப்பட்ட நாட்களிலா?

தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸ் காலியாவதற்குள் கார்த்திகை தீபத்துக்கான பொரி உருண்டையும் அப்பமும் வந்துவிடும். அது தீர்வதற்குள் மார்கழி பிரசாதம், கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு கேக் என்று வரிசை கட்டும். கடைசியாக சர்க்கரைப் பொங்கலும் கரும்பும்.

இந்த நாட்களில் பல வீடுகளில் கேட்கும் வசனம் ஒன்றுதான்: "எல்லாம் பொங்கல் முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

ஆனால் தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பொறுத்து, பொங்கலுக்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் வரை இருக்கின்றன. ஆண்டில் ஏறக்குறைய கால் பங்கு. அத்தனை நாட்கள் உணவுப் பழக்கம் தள்ளிப்போனால் உடல் சும்மா இருக்காது. அப்படியென்றால் பண்டிகைக்கு ஸ்வீட் சாப்பிடவே கூடாதா? உண்மையில் பிரச்சனை எங்கே இருக்கிறது?

பண்டிகை நாட்கள் மொத்தம் எத்தனை?

எண்ணிப் பார்த்தால் கணக்கு எளிது. தீபாவளி ஒரு நாள், கார்த்திகை தீபம் ஒரு நாள், கிறிஸ்துமஸ் ஒரு நாள், ஆங்கிலப் புத்தாண்டு ஒரு நாள். போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாட்கள். மொத்தம் 8 நாட்கள்.

சுமார் 80 நாட்களில் 8 நாட்கள் என்றால் பத்தில் ஒரு பங்கு. மீதி 72 நாட்களும் சாதாரண நாட்கள்தான். ஆனால் அந்த நாட்களிலும் பண்டிகை மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும். டப்பாவில் முறுக்கு, ஃபிரிட்ஜில் பால்கோவா, ஆபீஸ் மேஜையில் யாரோ வைத்த மைசூர்பாகு. பசி இல்லாவிட்டாலும் போகிற வருகிற போதெல்லாம் கை அந்தப் பக்கம் போகும். பலகாரம் சுட்ட எண்ணெய் அடுத்த ஒரு வாரத்துக்கு தோசைக்கும் பொரியலுக்கும் ஊற்றப்படும்.

ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிட்டவர் மறுநாள் இயல்புக்குத் திரும்பினால், அந்த ஒரு நாளால் பெரிய மாற்றம் வந்துவிடாது. திரும்பாமல் இருக்கும்போதுதான் சிக்கல்.

எடை எவ்வளவு ஏறுகிறது?

பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் ஏறியது இறங்குவதில்லை.

அமெரிக்காவில் 195 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2000-ம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. அங்குள்ள விடுமுறைக் காலமான நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி வரை அவர்களின் எடை சராசரியாக 0.37 கிலோ கூடியது. அரை கிலோகூட இல்லை. ஆனால் விடுமுறை முடிந்த பிறகும் அந்த எடை பெரிய அளவில் குறையவில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடுவதில் விடுமுறைக் காலத்துக்கு முக்கியப் பங்கு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அது அமெரிக்க உணவு, அமெரிக்கக் குளிர். தமிழ்நாட்டு உடல்களுக்கு அதே எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறும் எடை சிறியதாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை, கவலைப்படாததால் அது தங்கிவிடுகிறது என்பது எந்த ஊருக்கும் பொருந்தக்கூடியதே.

இந்தியாவில் இது எடையோடு முடிகிற விஷயமும் இல்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது 'பார்டர்'-ல் இருக்கிறார்கள். இந்த பார்டர் ஆட்களுக்குத்தான் மூன்று மாத அலட்சியம் அதிக ஆபத்து.

மழையும் குளிரும் என்ன செய்கின்றன?

தமிழ்நாட்டில் பண்டிகைகள் வரும் அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. முதலில் நின்றுபோவது காலை வாக்கிங். மழை விட்ட பிறகு மார்கழிப் பனி. "இந்தப் பனியில எப்படிங்க நடக்கறது?" என்று போர்வையை இழுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, சாயங்கால மழைக்கு சூடாக பஜ்ஜி, போண்டா, டீ. வெயில் காலத்தில் இரண்டு டீ குடிப்பவர் மழைக்காலத்தில் நான்கு டீ குடிப்பார்.

மூன்றாவது, தாகம் குறைவதால் தண்ணீர் குடிப்பதும் குறைகிறது. மலச்சிக்கல், அசதி என்று அது வேறு வழியில் காட்டும்.

சாப்பாடு கூடுகிறது, நடை குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இந்தப் பருவத்தின் குணம்.

காபியிலேயே முடிந்துபோகும் கணக்கு

ஐசிஎம்ஆர்-ன் கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒருவர் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் சர்க்கரை 20 முதல் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் சுமார் 25 கிராமுக்குள் குறைத்தால் கூடுதல் பலன் என்கிறது.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். காபிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் மூன்று வேளை குடித்தால் 30 கிராம். அதாவது ஒரு ஸ்வீட்டைக்கூடத் தொடுவதற்கு முன்பே அன்றைய அளவு தாண்டிவிட்டது.

இதிலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது. பண்டிகை மாதங்களில் காபி, டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினால், அவ்வப்போது சாப்பிடும் ஸ்வீட்டுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இது நல்ல பேரம். நோய் உள்ளவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

வெல்லம், கருப்பட்டி, லேகியம்... எல்லாம் நல்லதுதானே?

"சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் போட்டா ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சிறிதளவு தாதுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றின் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் வெள்ளைச் சர்க்கரைக்கு அவை பெரிதாகச் சளைத்தவை அல்ல. அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும் வெல்லத்தில் செய்தது என்பதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது.

தீபாவளி லேகியமும் அப்படித்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இருக்கும். கூடவே வெல்லம், நெய், தேனும் இருக்கும். லேகியம் சாப்பிட்டால் முன்பு சாப்பிட்டதெல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விடாது.

'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய ஸ்வீட்டிலும் நெய், முந்திரி, கோவா இருக்கும். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி.

அப்போ என்னதான் செய்யலாம்?

மிச்சத்தை வீட்டில் தேக்காமல் இருப்பது முதல் வேலை. பண்டிகையன்று வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மறுநாளே அக்கம்பக்கத்திலோ, வேலை செய்யும் இடத்திலோ பகிர்ந்துவிடலாம். கோவா, பால் ஸ்வீட்கள் எப்படியும் பல நாள் தாங்காது. கடைகளில் தட்டில் வைத்து விற்கும் ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைக் காட்ட வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் விதி இருக்கிறது. வாங்கும்போதே அதைப் பார்த்து, தேவைக்கு மட்டும் வாங்கலாம்.

இரண்டாவது, ஸ்வீட்டுக்கு நேரம் வைப்பது. டப்பா கண்ணில் படும் இடத்தில் இருந்தால் கை நீளும். எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்கக் கொறிப்பது நிற்கும்.

மூன்றாவது, சாப்பிடும் வரிசை. முதலில் பொரியல், கூட்டு, சுண்டல் அல்லது முட்டை, அதன் பிறகு சோறு. காய்கறியும் புரதமும் முன்னால் போனால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. தட்டில் பாதி காய்கறியாக இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது, சாப்பிட்ட பின் 10 முதல் 15 நிமிட நடை. மழை என்றால் வீட்டுக்குள்ளேயோ, மொட்டை மாடிக்குப் போகும் வராந்தாவிலோ நடந்தாலும் போதும். காலை வாக்கிங் போக முடியாத நாட்களுக்கு இது கைகொடுக்கும்.

ஐந்தாவது, பலகாரம் சுட்ட எண்ணெய். திரும்பத் திரும்பச் சூடேற்றிய எண்ணெயில் உடலுக்குக் கெடுதலான பொருட்கள் சேர்கின்றன. இவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவு வணிகர்கள் பயன்படுத்தக் கூடாது என 2018 ஜூலை முதல் விதி உள்ளது. வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. கறுத்துப்போனாலோ, நுரைத்தாலோ, காரல் வாடை வந்தாலோ கொட்டிவிடுவதே சரி. முதலிலேயே கொஞ்சமாக ஊற்றிச் சுட்டால் மீதியும் குறையும்.

ஆறாவது, எடை பார்ப்பது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் கிறிஸ்துமஸ் காலத்தில் 272 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-ல் 'பிஎம்ஜே' இதழில் வெளியானது. ஒரு பிரிவினரை வாரம் இருமுறையாவது எடை பார்க்கச் சொல்லி, சில எளிய குறிப்புகளும் கொடுத்தார்கள். விடுமுறை முடிவில், மற்ற பிரிவினரைவிட இவர்களின் எடை சராசரியாக 0.49 கிலோ குறைவாக இருந்தது. எடை மெஷின் காட்டும் எண்ணைப் பார்ப்பதே ஒரு பிரேக் மாதிரி வேலை செய்கிறது.

"ஒண்ணே ஒண்ணுதானே, எடுத்துக்கோங்க!"

உறவினர் வீட்டில் வைக்கும் ஸ்வீட்டை மறுப்பது பலருக்குச் சங்கடம். அவர்கள் மனம் நோகுமே என்று ஐந்து வீட்டில் ஐந்து ஸ்வீட் சாப்பிடுபவர்கள் உண்டு. "பாதி போதும் அத்தை, மீதிய இவன் சாப்பிடுவான்" என்று பகிர்ந்துகொள்ளலாம். "வீட்டுக்குக் கட்டிக் குடுத்துடுங்க" என்றால் பெரும்பாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். அதேபோல விருந்தாளிக்கு வைக்கும் தட்டில் ஸ்வீட்டோடு சுண்டல், கொய்யா, நெல்லிக்காய் வைப்பது வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கவனத்துக்கு

பண்டிகைக் காலத்தில் இரண்டு தவறுகள் அதிகம் நடக்கின்றன. ஒன்று, "ஸ்வீட் சாப்பிட்டாச்சு, இன்னொரு மாத்திரை போட்டுக்கலாம்" என்று தாங்களாகவே டோஸைக் கூட்டுவது. இன்னொன்று, மாத்திரையைப் போட்டுவிட்டு, ஸ்வீட்டை ஈடுகட்டுவதாக நினைத்து அடுத்த வேளை சாப்பாட்டைத் தவிர்ப்பது. இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு இரண்டிலுமே சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் அபாயம் இருக்கிறது.

வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை தாழ்நிலையின் அறிகுறிகள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

விரதம் இருப்பவர்களும் மருந்து நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

பொங்கலே ஒரு வழி காட்டுகிறது

சர்க்கரைப் பொங்கலை மட்டும் பார்ப்பதால் பொங்கல் சமையலின் மறுபக்கம் மறந்துபோகிறது. மொச்சை, அவரை, பூசணி, பரங்கி, சிறுகிழங்கு, கருணை, சேனை எல்லாம் போட்டு வைக்கும் பொங்கல் குழம்பும் கூட்டும் நார்ச்சத்து நிறைந்தவை. மொச்சையில் புரதமும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் இவை புதிதாகச் சந்தைக்கு வரும். பனங்கிழங்குக்கும் இதுதான் சீசன். பஜ்ஜிக்குப் பதில் அவித்த மொச்சையோ, வேர்க்கடலையோ மழை நேரச் சூட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கிழங்கில் மாவுச்சத்து இருப்பதால் அதைச் சாப்பிடும் வேளையில் சோற்றைக் குறைக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் கிழங்கு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது டெஸ்ட் எடுப்பது?

ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய கடந்த மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது. அதிலும் கடைசி ஒரு மாதத்தின் தாக்கம் அதிகம். 5.7-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்.

பண்டிகை தொடங்கும் முன் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் பார்த்தால், இந்த மூன்று மாதமும் எப்படிப் போனது என்பது தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் சாதாரண சர்க்கரைப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

தீபாவளியன்று சாப்பிட்ட ஒரு அதிரசத்துக்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. தீபாவளி முடிந்த மூன்றாம் நாளும் அதே டப்பா திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.