பட்டைக்கு அடியில் பூத்த உப்பு

டீசல் டேங்க் கசிந்தால் லாரிக்காரர்கள் முதலில் தேடுவது மெக்கானிக்கை அல்ல, சோப்பை. பார் சோப்பில் ஒரு துண்டு கிள்ளி ஓட்டையில் அப்பித் தேய்த்தால் ஊர்போய்ச் சேரலாம். தூத்துக்குடியில் ஒரு பட்டறைக்கு வந்து நின்ற மீன் வண்டியின் டேங்கில் மூன்று இடங்களில் சோப்பு அப்பியிருந்தது.

"அலுமினிய டேங்க் அண்ணாச்சி. துருவே பிடிக்காதுன்னு சொன்னாவ" என்று அலுத்துக்கொண்டார் ஓட்டுநர்.

"துரு பிடிக்காதுதான். பூக்கும்லா தம்பி?" என்றார் மேஸ்திரி.

டேங்கைச் சுற்றிப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைக் கழற்றினார். நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் நைந்து, பாதியைக் காணோம். அந்த இடம் முழுக்க ஈரச் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. ஸ்க்ரூடிரைவர் முனையால் நெருடியதும் பொடி உதிர்ந்தது. அடியில் அம்மைத் தழும்பாகக் குழிகள். ஒரு குழியில் முனை அப்படியே உள்ளே இறங்க, டீசல் முத்து முத்தாய்க் கோத்து நின்றது. பட்டை படாத இடத்தில் அதே டேங்க் புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது!

காரணம் இதுதான். காற்றுப் பட்டதுமே அலுமினியம் தன்மேல் ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் கீறினால் உடனே மறுபடி வளர்ந்துவிடும். உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலைத் துளைத்துவிடும். பக்கத்திலேயே இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்: இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், அது ஒரு பேட்டரி. அதில் கரைந்து போவது அலுமினியம், இரும்பு தப்பித்துக்கொள்ளும். மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டுகிறது. நைந்த ரப்பர் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயிலிலும் காயவிடாமல் காக்கிறது.

பலர் செய்வது, பொடியைத் தட்டிவிட்டு வெள்ளி பெயின்ட் அடிப்பது. என்னைக் கேட்டால் அது காசைக் கரியாக்கும் வேலை. குழிக்குள் உப்பு இருக்கும்வரை பெயின்டுக்கு அடியிலும் அரிப்பு நடக்கும். சாதாரண இரும்பு பிரஷ்ஷால் தேய்ப்பது இன்னும் மோசம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பட்டையாகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ், அதுவும் இரும்பில் படாததாக வேண்டும். காஸ்டிக் சோடா பக்கம் போகவே கூடாது. அது அலுமினியத்தையே தின்னும்.

அடுத்தது வெல்டிங். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் போதும். மேலிருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோல் உருகுமுன் உள்ளே இருப்பது உருகிவிடும். இரும்பு போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது, திடீரென்று பொத்தென்று விழும். அதனால்தான் பட்டறைகளில் 'ஆர்கான்' என்று சொல்லும் டிக் வெல்டிங், அதுவும் ஏசி கரன்ட்டில். ஏசியின் ஒரு பாதிச் சுற்று தோலை உரிக்கிறது, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது. ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாது.

மேஸ்திரி குழிகளை ஒவ்வொன்றாக அடைக்கவில்லை. சுற்றிலும் தகடு மெலிந்திருக்கும் என்பதால் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். அதற்குமுன் டேங்கைக் கழற்றி, கழுவி, நெடுநேரம் நீராவி விட்டார். டீசல் நிறைந்த டேங்கைவிட, ஆவி தங்கிய காலி டேங்க்தான் வெல்டிங் பொறிக்கு வெடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படுகிற பட்டறையை விட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

கடைசியில் ரப்பர். ஓட்டுநர் பழைய டயர் டியூப் ஒன்றை நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை.

"டீசல் பட்டா ஊதிரும். டீசலுக்குன்னே ரப்பர் இருக்கு, அத வாங்கிட்டு வா."

ஃபுட்போர்டு செக்கர் பிளேட்டை இரும்பு போல்ட் பிடித்திருந்த இடங்களிலும் இதே வெள்ளைப் பூ. அங்கெல்லாம் நைலான் வாஷர் போட்டார்.

கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் டேங்க் பட்டையைக் கழற்றி, ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.