இசைத்தட்டில் எஞ்சிய குரல்

போர்க்களத்தில் மடிந்த வீரருக்கு நடுகல் நாட்டிப் போற்றுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கு. ஆயின், களத்தின் பக்கமே செல்லாது தம் இல்லத்தில் இருந்தவாறே போருக்கு இரையானோர் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவரே அல் பௌலி என்னும் பாடகர்.

கிரேக்கத் தந்தைக்கும் லெபனானியத் தாய்க்கும் மகனாக மொசாம்பிக்கிற் பிறந்து, ஜோகன்னஸ்பேர்க் நகரில் வளர்ந்தவர் இவர். முடிதிருத்துந் தொழிலை விடுத்து நடன இசைக்குழுக்களுடன் புறப்பட்டார். கல்கத்தா, சிங்கப்பூர், பேர்லின் ஆகிய நகரங்களைக் கண்டு, 1928இல் இலண்டனை அடைந்தார். மறு ஆண்டு மூண்ட பொருளாதார நெருக்கடி அவரைத் தெருவிற் பாடிப் பிழைக்க வைத்தது. 1930இல் றே நோபிளின் குழுவிலும் 1931இல் றோய் பொக்ஸின் குழுவிலும் பாடத் தொடங்கிய பின்னரே நற்காலம் பிறந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பாடல்களை ஒலிப்பதிவு செய்தார்.

முன்னைய பாடகர் மண்டபம் அதிர உரத்துப் பாடவேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்ததும் அத்தேவை நீங்கிற்று. அருகிருந்து ஒருவர் நம் செவியில் மொழிவது போலப் பாடினார் பௌலி. எனினும், இசைத்தட்டுகள் பலவற்றிற் குழுத்தலைவர் பெயரே பொறிக்கப்பட்டது. பாடியவர் பெயர் இல்லை. குரலை அறிந்தோர் பலர். அதற்குரியவரை அறிந்தோர் சிலர்.

1934இல் நோபிளுடன் நியூயோர்க் சென்று புகழீட்டினார். ஆயினும் 1937இல் தொண்டையில் தோன்றிய கட்டி அவர் குரலுக்கே ஊறு விளைத்தது. அறுவைச் சிகிச்சையின் பின் மீண்டும் பாடினார்; முன்னைய செல்வாக்கோ முழுமையாகத் திரும்பவில்லை.

1941 ஏப்ரல் 2ஆம் நாள் அவர் இறுதியாக ஒலிப்பதிவு செய்த பாடல்களுள் ஒன்று ஹிட்லரை எள்ளி நகையாடுவது. இரு வாரங்களின் பின், 16ஆம் நாள், இலண்டனுக்கு வெளியே ஹை விக்கம் என்னும் ஊரிற் பாடினார். அன்றிரவு அங்கே தங்கியிருக்கலாம்; ஆயின் கடைசிப் புகைவண்டியேறி வீடு திரும்பினார். விடியுமுன், பரசூட்டில் இறங்கிய கண்ணிவெடி அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் வெளியே வெடித்தது. படுக்கையறையிலேயே அவருயிர் பிரிந்தது. குண்டுவீச்சில் மாண்ட பிறருடன் ஹான்வெல் மயானத்திற் பொதுக்குழியில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இசைத்தட்டிற் பெயரின்றி ஒலித்தவருக்குத் தனிக்கல்லறையும் வாய்க்கவில்லை. 2013இல் இலண்டனில் அவர் வாழ்ந்த கட்டடமொன்றில் நினைவுப்பலகை பதிக்கப்பட்டது. ஆயினும் நடுகல்லினும் நெடிது வாழ்வது அக்குரலன்றோ! தட்டுச் சுழலுந்தோறும், அருகிருந்து மொழிவது போல அது இன்றும் நம் செவியை வந்தடைகின்றது.